கோர்ட்டில் ‘அது’ என்று சொல்லக் கூடாது

போன மாதம் சுதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த டைப்பிஸ்ட் அவள். கோர்ட்டுக்குப் புதிதாக ஒரு ஏற்பாடு வந்திருக்கிறதாம். சாட்சி பேசப் பேசக் கம்ப்யூட்டரே கேட்டு, கம்ப்யூட்டரே டைப் அடித்துவிடுமாம்.

“நல்லதாப் போச்சு. உனக்கு இனிமே வெரல் வலி இல்ல” என்றேன்.

“இல்லீங்க மேடம். அது அப்படியே போடுது.”

“எது எதைப் போடுது?”

“கம்ப்யூட்டருங்க. சாட்சி ‘அது’ன்னு சொன்னா ‘அது’ன்னே போடுது. நேத்து ஒரு ஆளு ‘அதுல இருந்து அந்த இதை எடுத்து இது பண்ணிட்டாருங்க’ன்னு சொன்னாரு. அட்சரம் மாறாம வந்துருச்சு. ஆபீசர் என்னத் திட்டறாரு. நீங்க இருந்தப்ப எப்படி மேடம் பண்ணுவீங்க?”

நாங்கள் ஜட்ஜை ஆபீசர் என்றுதான் சொல்வோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. நாங்கள் எப்படிச் செய்தோம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். போனில் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை, அவ்வளவுதான்.

தர்மபுரி மாவட்டத்துக் கோர்ட்டுகளில் முப்பத்தோரு வருடம் டைப் அடித்தேன். எந்தெந்தக் கோர்ட், எந்தெந்த ஆபீசர் என்று எழுதப் போவதில்லை. ஓய்வு பெற்றவளுக்கும் பயம் உண்டு. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் குடும்பம் என்பதால் என்னைக் கன்னியாஸ்திரியாக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. லோயர், ஹையர், பரீட்சை, உத்தியோகம். என் இளமை இத்துடன் முடிந்தது.

சாட்சியம் பதிவாகும் விதம் வெளியாட்களுக்குத் தெரியாது. கூண்டில் நிற்பவர் பேசுவதை டைப்பிஸ்ட் டைப் அடிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாட்சி அவர் பாஷையில் சொல்வார். ஆபீசர் அதைக் காதில் வாங்கி, கோர்ட் பாஷைக்கு மாற்றி, ஒவ்வொரு வாக்கியமாக எங்களுக்குச் சொல்வார். அவர் சொல்வதைத்தான் நாங்கள் அடிப்போம். “ஒதச்சான் சாமி” என்று ஒருவர் அழுதால், “எதிரி என்னைக் காலால் எட்டி உதைத்தார்” என்று தாளில் வரும். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டில் எதிரி என்று பெயர். அழுகைக்கு விசைப்பலகையில் இடம் கிடையாது. முடிந்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்டி, சரிதான் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. “எல்லாம் சரியா இருக்குதுல்ல?” என்று கேட்பது நடைமுறை. இந்தியாவில் போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும், சாட்சி ஒரு பொருளின் பெயரை மறக்காதவரை. ஆனால் கூண்டில் ஏறினதும் மனிதர்கள் முதலில் மறப்பது பெயர்ச்சொற்களைத்தான். சொந்த மாட்டுக்குக் கட்டிய கயிற்றின் பெயர் போய்விடும். அதன் இடத்தில் ‘அது’ வந்து உட்காரும். அதுவும் போதவில்லை என்றால் ‘அந்த இது’. கொஞ்சம் படித்தவர் ‘ஐட்டம்’ என்பார். லாரிக்காரர் ‘சாமான்’ என்பார். கல்லூரிப் பையன்கள் ‘மேட்டர்’ என்பார்கள், அது எங்கே போய் முடியும் என்று எங்களுக்கும் தெரியாது. மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து கன்னடம் பேசுகிற சாட்சி வந்தால் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுவோம். அவரும் கூண்டில் ஏறி முதல் வார்த்தையாக ‘அதூ...’ என்பார். தெலுங்கு பேசுகிறவர் ‘அதி’ என்பார். ஆள் தேடியது வீண். மறதிக்கு மட்டும் மூன்று பாஷைக்காரர்களும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் கோர்ட்டுக்குக் கோபம் வரும். கோர்ட்டில் ‘அது’ என்று சொல்லக் கூடாது. ‘மேற்படி’ என்று சொல்லலாம். “மேற்படி நபர் மேற்படி இடத்தில் மேற்படி பொருளைக் கொண்டு” என்று ஒரு போலீஸ் ரிப்போர்ட்டில் நானே அடித்திருக்கிறேன். எந்த நபர், எந்த இடம், எந்தப் பொருள் என்று மேலே தேடினால், அந்தப் பக்கம் வழக்குக் கட்டிலேயே இருக்காது. விவசாயி ‘அது’ என்றால் அறியாமை. அதிகாரி ‘மேற்படி’ என்றால் சட்டம். ‘வகையறா’, ‘இதர இனங்கள்’, ‘அன்னார்’ எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். நல்ல சட்டை போட்டிருக்கின்றன.

நான் சொல்லப் போகிற ஆபீசருக்கும் இந்த வியாதி இருந்தது. தன் பெஞ்சுக்கு எதிரில் யாராவது ‘அது’ என்றால் அவருக்குப் பொறுக்காது. ஆனால் அவர் காலை பத்தரைக்கு உட்கார்ந்து மாலை எழுந்திருக்கும்வரை ஒரு பொருளின் பெயரையும் சொல்ல மாட்டார். கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார். “மாதையா, அது” என்பார். டவாலி மாதையனிடம் இதற்கு ஒரு கால அட்டவணை இருந்தது. பத்தரைக்கு ‘அது’ என்றால் கண்ணாடி. பதினொன்றுக்கு வழக்குக் கட்டு. பன்னிரண்டுக்கு வெந்நீர். ஒரு மணிக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் மாதையன் டிபன் கேரியரோடு கதவருகில் நிற்பார்.

ஒரு நாள் மாதையன் லீவு. பக்கத்துக் கோர்ட்டிலிருந்து வந்த டவாலி பாவம் புதியவர். ஆபீசர் கையை நீட்டி “அது” என்றார். அவர் தண்ணீர் கொடுத்தார். “அது இல்லய்யா, அது” என்றார். பேனா கொடுத்தார். அப்புறம் ஃபேனைக் கூட்டினார், குறைத்தார், ஜன்னலைச் சாத்தினார். கட்சிக்காரர்கள், வக்கீல்கள், விலங்கு மாட்டிய இருவர், எல்லோரும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஆபீசர் தாமே எழுந்து அலமாரியிலிருந்து முத்திரையை எடுத்துக்கொண்டு வந்து, “ஒரு பேரு தெரியல இந்த ஆளுக்கு” என்றார்.

வேறு வேறு ஆபீசர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். இவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேகமானவர். மாதம் இத்தனை வழக்கு முடிக்க வேண்டும் என்று மேலிருந்து கேட்பார்கள், இவர் அதைவிட இரண்டு கூட முடிப்பார். சாட்சி ‘அது’ என்று இழுத்தால் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. போலீஸ் வாக்குமூலத்தைப் புரட்டி, பொருளின் பெயரைக் கண்டுபிடித்து, “இதுதானே?” என்பார். சாட்சி தலையாட்டுவார். ஆபீசர் அதையே எனக்குச் சொல்லிவிடுவார். நானும் அடித்துவிடுவேன்.

இப்படி அடித்தால் என்ன ஆகும் என்று தொப்பூர் வழக்கிலேயே நான் பார்த்திருந்தேன். அது இவருக்கு முந்தைய ஆபீசர் காலம்.

தொப்பூர்க் கணவாயில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் லாரி மேல் மோதி இறந்துபோனார். லாரியில் பார்க்கிங் விளக்கு எரிந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு. பார்த்த சாட்சி அந்தக் கடையின் பரோட்டா மாஸ்டர். மனிதர் கூண்டில் நின்று, “அது எரிஞ்சுக்கிட்டுதாங்க இருந்துச்சு” என்றார். ஆபீசர், “கடை லைட்டா?” என்றார். மாஸ்டர் தலையாட்டினார். “சம்பவத்தின்போது ஓட்டல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது” என்று சொல்லப்பட்டது. அடித்தேன். டிரைவரின் வக்கீல் அன்று சேலத்துக்குப் போயிருந்தார். அவருடைய ஜூனியர் எழுந்து, குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். லாரியில் விளக்கு எரிந்ததாக ஒரு சாட்சியும் சொல்லவில்லை என்று தீர்ப்பாயிற்று. டிரைவர் ஜெயிலுக்குப் போனார்.

சில வாரம் கழித்து அவர் மனைவி நகல் வாங்க வந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். தாளில் விரல் வைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார்.

“மேடம், அந்தப் பரோட்டா மாஸ்டரு வூட்டுக்குப் போயிக் கேட்டேன். லாரி லைட்டைத்தான் சொன்னேன்னு சத்தியம் பண்றாருங்க. இங்க ஓட்டல் லைட்டுன்னு இருக்குது. இதை யாருங்க எழுதுனது?”

“கோர்ட்டு” என்றேன்.

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவர், அலமாரி, மூன்று பேர், நான். இதில் கோர்ட்டு யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அப்பீலில் என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

வேகமான ஆபீசர் வந்து ஒரு வருடம் இருக்கும். இண்டூர்ப் பக்கத்து வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. கோவிந்தன் என்ற விவசாயியைப் பக்கத்து நிலத்துக்காரர் பெருமாள் கொடுவாளால் நெற்றியில் வெட்டிவிட்டார் என்பது வழக்கு. இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு, வரப்பில் ஒரு வேப்பமரம், மரம் யாருக்கு என்று ஏழெட்டு வருடப் பேச்சு. பெருமாள் அரசு பஸ் டிரைவர். கைதானதிலிருந்து அவரைப் பணியிடை நீக்கம் செய்து வைத்திருந்தார்கள். தண்டனை ஆனால் வேலை நிரந்தரமாகப் போகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெருமாள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நிற்பார். வேறு சட்டை இல்லையா, அல்லது இதைக் கழற்றினால் திரும்பக் கிடைக்காது என்று பயமா, தெரியவில்லை.

கோவிந்தன் முதல் சாட்சி. அவருக்கு மறதியே இல்லை. “கொடுவாளால் வெட்டினார்” என்று அரை நிமிடத்தில் சொல்லி, தழும்பையும் காட்டினார். டாக்டர் சான்றிதழில் கிழிந்த காயம் என்று இருந்தது. வெட்டுக்கும் கிழிசலுக்கும் வித்தியாசம் கேட்க வேண்டிய நாள் வேறு நாள்.

இரண்டாவது சாட்சி அவர் மனைவி சின்னப்பாப்பா. பெயர்தான் பாப்பா, வயது அறுபதை ஒட்டி இருக்கும். சம்பவத்தை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். போலீஸில் அவர் கொடுத்ததாக இருந்த வாக்குமூலம் பிரமாதம். “எதிரி தன் வலது கையில் வைத்திருந்த கொடுவாளைக் கொண்டு எனது கணவரின் இடது புற நெற்றியில் ஓங்கி வெட்டி இரத்தக் காயம் ஏற்படுத்தினார்.” அந்த ஊரில் சாட்சி சொன்ன அத்தனை பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குள் காலை வைத்ததும் இதே தமிழைப் பேசுவார்கள். வெளியே வந்ததும் மறந்துவிடும்.

ஊர், பேர், புருஷன் பேர் எல்லாவற்றுக்கும் சின்னப்பாப்பா ஒழுங்காகப் பதில் சொன்னார். கணவர் கோவிந்தன் முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் கேட்டார்.

“உங்க வூட்டுக்காரருக்கு எப்படிங்கம்மா அடிபட்டுச்சு?”

“அது பட்டுதாங்க.”

“எது?”

“அதுங்க.”

ஆபீசர் வழக்குக் கட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “கோர்ட்ல அது இதுன்னு பேசக் கூடாதும்மா. பேரைச் சொல்லு. மாதையா, அதைக் கொண்டா.”

மாதையன் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

“அதாங்க ஐயா. அது வந்து நெத்தியில பட்டுச்சு. ரத்தம் வந்துச்சு. நாந்தான் துண்டை வெச்சு அமுக்கினேன்.”

ஆபீசர் போலீஸ் வாக்குமூலத்தைப் புரட்டினார். “கொடுவா. கொடுவா தானே?”

சின்னப்பாப்பா பதில் சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றார்.

ஆபீசர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். “எதிரி கொடுவாளால் என் கணவரின் நெற்றியில் வெட்டினார்.”

‘எதிரி’ வரை அடித்தேன். அடுத்த வார்த்தைக்கு விரல் போகவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது அந்த லாரிக்காரர் மனைவியின் விரல்தான், தாளில் ‘ஓட்டல்’ என்ற வார்த்தைமேல் வைத்திருந்தாரே, அது.

“ஐயா, சாட்சி இன்னும் பதில் சொல்லலீங்க” என்றேன்.

இருபத்தைந்து வருட உத்தியோகத்தில் விசாரணை நடக்கும்போது நான் பேசிய முதல் வாக்கியம் அது. பெஞ்ச் கிளார்க் தன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வக்கீல்கள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

“உன்னைக் கேட்டனா?”

“இல்லீங்க ஐயா.”

“சொல்றதை அடி.”

“சரிங்க ஐயா.”

அடித்தேன். “எதிரி” என்பதை அழித்துவிட்டு, “அது வந்து என் கணவரின் நெற்றியில் பட்டது” என்று அடித்தேன். ஆபீசர் மேஜையிலும் ஒரு திரை உண்டு. நான் அடிப்பது அங்கேயும் தெரியும். அவர் கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியில் இருந்தது, இறக்கிவிட்டுப் படித்தார்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் புத்திசாலி. என்னையும் சாட்சியையும் ஒரே அடியில் முடிக்க வழி கண்டுபிடித்துவிட்டார். போலீஸ் கைப்பற்றிய கொடுவாளை எடுத்துவரச் சொன்னார். கழுத்தில் சீட்டுக் கட்டிய கொடுவாளை மாதையன் துணியில் வைத்துக் கூண்டுக்குக் கொண்டுபோனார்.

“நல்லாப் பாரு. நீ சொல்ற அது இதுதானே?”

சின்னப்பாப்பா குனிந்து பார்த்தார். கைப்பிடி, முனை, திருப்பி இன்னொரு பக்கம். சந்தையில் வாங்க வந்தவர் மாதிரி பார்த்தார்.

“இது அது இல்லீங்க” என்றார்.

முதல் வரிசையில் கோவிந்தன் எழுந்து நின்றார். மாதையன் உட்காரச் சொல்லி ஜாடை காட்டினார்.

அரசு வக்கீலுக்கு வேர்த்துவிட்டது. சாட்சி பல்டி அடித்துவிட்டார் என்று அறிவிக்கலாம். அதற்குப் போலீஸில் சொன்னதிலிருந்து மாறியதாகக் காட்ட வேண்டும்.

“போலீஸ்ல கொடுவான்னுதானேம்மா சொன்னீங்க?”

“போலீஸ்லயும் இதைத்தாங்க சொன்னேன்.”

“எதை?”

“அது பட்டுச்சுன்னு.”

அவர் மேஜையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ‘அது’வுக்கு முரணாக ‘அது’ என்று சொன்னதற்கு எந்தச் சட்டப் பிரிவில் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

பெருமாளின் வக்கீல் எழுந்தார். அதிகம் பேசாத ஒரு அம்மா, தர்மபுரிக்காரர். ஒரே கேள்வி கேட்டார்.

“அம்மா, அது பெருமாள் கையில இருந்து வந்து பட்டுச்சா?”

“கையில இருந்துன்னு நான் எங்கீங்க சொன்னேன்? அதுல இருந்து வந்துச்சு.”

“எதுல...” என்று வக்கீலம்மா ஆரம்பித்தார். சின்னப்பாப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். முதல் வரிசையில் கோவிந்தனையும் பார்த்தார். “அவ்வளவுதான் ஐயா” என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆபீசர் விடவில்லை. “எதுல இருந்து?”

“அதாங்க ஐயா, அதுல இருந்துதான்.”

அவர் வாக்குமூலத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் கொடுவாளைத் தவிர வேறு பொருளே இல்லை. கூடம் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். நிலத்தில் எதிலிருந்து எது கழன்று வரும் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“போடு. அது எதிரியின் கையிலிருந்து வரவில்லை. அதிலிருந்து வந்தது.”

போட்டேன். படித்துக் காட்டும்போது நடைமுறையை விட்டு விதிப்படி செய்தேன். ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தேன். சின்னப்பாப்பா கேட்டுக்கொண்டு நின்றார். ‘அது’ வந்த இடங்களில் எல்லாம் “ஆமாங்க” என்றார். பிறகு கைநாட்டு வைத்தார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. “மேற்படி விசாரணையின்போது மேற்படி பணியாளர் மேற்படி உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் நடந்துகொண்டது குறித்து” விளக்கம் கேட்டிருந்தார்கள். சாட்சி சொன்னதைத்தான் அடித்தேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அதைவிட நீளமாக எழுதினால் மன்னிப்பு மாதிரி ஆகிவிடும். மூன்று மாதத்தில் நிர்வாக நலன் கருதி மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றினார்கள். என்னை எடுத்துவிட்டதில் நிர்வாகத்துக்கு என்ன நலன் வந்தது என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

அதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. டாக்டர் கூண்டில் ஏறி, காயம் கூரான ஆயுதத்தால் ஏற்பட்டதாகத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டார். சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்று விடுதலை. ஆபீசர் தீர்ப்பில் எழுதியதை நான்தான் அடித்தேன். “அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி குறிப்பிடும் ‘அது’ எது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கத் தவறிவிட்டது.” அரசுத் தரப்பின் தவறாம். அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இருமல் என்று சொல்லிக்கொண்டேன். பெருமாள் கடைசி வரிசையில் நின்றபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. எல்லோரும் தங்களைத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மாற்றலான பிறகு தினமும் இரண்டு பஸ். ஒரு நாள் காலை இண்டூரில் ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு மூட்டை. கண்டக்டரிடம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தக்காளிக்குக் குச்சி நட்டது, சணல் அறுந்தது, சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்தது, மாட்டின் மூக்கணாங்கயிறு, மருந்தடிக்கும் மெஷினின் வாசர் என்று பெயர் பெயராகக் கொட்டினார். ஒரு ‘அது’கூட இல்லை. குரலை வைத்துத்தான் எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. சின்னப்பாப்பா.

அவருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. வணக்கம் சொன்னார். ஊர் நியாயம் கொஞ்சம் பேசினோம். பிறகு கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, அன்னைக்கு அது அதுன்னீங்களே, அதுக்குப் பேரு நெஜமாவே ஞாபகம் வரலியா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஆயில் இஞ்சினச் சுத்தற ஆண்டலு மேடம். மறக்கற சாமானா அது? எங்க இஞ்சின் ஸ்டார்ட் ஆவலன்னு பெருமாளு வந்து சுத்திக் குடுத்தாரு. எதிர்ச்சுத்து அடிச்சுக் கழண்டு பறந்துச்சு. இவரு குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாரு. வந்து நெத்தியில வாங்கிச்சு. ஒதவி பண்ண வந்த மனுசன் அவரு.”

“அப்பறம் கொடுவா எங்கிருந்து வந்துச்சு?”

“எங்க வூட்டுல இருந்துதான். நான் தீவனம் அறுக்கற கொடுவா. வேப்பமரத்துக்காக இவரு போலீஸ்ல எடுத்துக் குடுத்தாரு. ஆறு மாசம் நான் வேற கொடுவா எரவல் வாங்கி அறுத்தேன்.”

“இதை அன்னைக்குக் கோர்ட்ல சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லிட்டு எங்கீங்க போறது? ஆண்டலுன்னு சொன்னா எம்புருசன் பொய்க்கேஸு போட்டவன்னு ஆவும். அவரு வூட்டுக்குள்ள வுட மாட்டாரு. கொடுவான்னு சொன்னா பெருமாளு சோறு போவும். அவரு பொண்டாட்டிதான் எங்க ஆத்தா சாவறப்ப பதினஞ்சு நாளு பக்கத்துல கெடந்தவ. ரெண்டையும் சொல்ல முடியல.”

பஸ் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் ‘அது’ என்பதை மறதி என்று நினைத்து, பரிதாபப்பட்டு, திருத்தி, ஒழுங்குபடுத்தி டைப் அடித்திருக்கிறேன். எத்தனை பேர் மறக்காமலே ‘அது’ என்று சொன்னார்களோ.

“வூட்டுல கேக்கலியா உங்கள?”

“கேட்டாரு. நான் எதையும் பேரு சொல்லி சொல்லலியேன்னேன். அவரும் அங்கதான உக்காந்திருந்தாரு. என்னத்தக் கண்டுபிடிப்பாரு? பேரு தெரியாத கழுதன்னு ரெண்டு நாளு திட்டினாரு. மூணாம் நாளு இஞ்சின் சுத்தப் பெருமாளையே கூப்புட்டாரு.”

எனக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அன்று ஆபீசர் கொடுவாள் என்று சொன்னதை நான் அடிக்கவில்லை என்று சொல்ல வந்தேன். பாதிதான் சொன்னேன்.

“தெரியுங்க” என்றார். “ஐயா மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. உங்க வெரலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நான் பேசறப்ப அது சும்மா இருக்குது, அவரு பேசறப்ப ஓடுது. அப்ப நான் பேசறது கணக்குலயே இல்லன்னு நெனச்சேன். கொடுவான்னு அவரு சொன்னப்ப நின்னுபோச்சு. அப்பறமா, நான் சொன்ன அத்தன நீளத்துக்கு ஓடுச்சு. அப்பத்தான் சரி, இந்தம்மா நம்ம சொல்றதைப் போடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு முன்னால, மேடம், கொடுவான்னு தலையாட்டிட்டு எறங்கிடலாம்னுதான் இருந்தேன்.”

அவர் ஊர் மேட்டில் பஸ் நின்றது. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிடச் சொன்னார். வைத்துவிட்டேன்.